கூடத்தில் முட்டு

அன்புள்ள ஸ்கேல்,

ஏழு மாதமாக என்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையென்று நீ திட்டியதாக மூக்குத்தி சொன்னாள். தகும். நேரமில்லாமல் இல்லை. எழுதினால் வீட்டு வேலையைப் பற்றி எழுத வேண்டும், நீ கேள்வி கேட்பாய், நான் மாட்டிக்கொள்வேன். இனி மாட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கொடுத்த செம்பருத்தி செங்கல் குவியலுக்கு அடியில் போய்விட்டது. சரி, கதைக்கு வருகிறேன்.

2011-இல் 'தானே' புயல் தெருவில் இருந்த மரங்களையெல்லாம் சாய்த்தபோதும் இந்த வீட்டில் ஒரு ஓடு நகரவில்லை. 2024 ஃபெஞ்சல் புயலில், புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதே, அன்றுதான் கூடத்தில் முதல் சொட்டு விழுந்தது. ஒழுகலைச் சரிசெய்ய ஆள் தேடினேன். வந்த ஒப்பந்தக்காரரிடம் நானே வாயைக் கொடுத்தேன்: "கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டால் விசாலமாக இருக்குமே?" "எடுத்துடலாம்மா, சும்மா தடுப்புச் சுவர்தான்" என்றார். பதினெட்டு அங்குலத்துக்கு யாராவது தடுப்புச் சுவர் கட்டுவார்களா என்று நீ கேட்டிருப்பாய். நான் டைல்ஸ் நிறத்தைப் பற்றிக் கேட்டேன்.

அந்தக் கூரை உனக்குத் தெரியும். பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று மல்லாந்து படுத்துத் தேக்குக் கட்டைகளை எண்ணுவோமே, நான் 22 என்பேன், நீ 21 என்பாய். அத்தனை கட்டைக்கும் ஒரு முனை அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே சரித்து அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை, தட்டோடு. போதாததற்கு மாடியில் அதே இடத்தில் அரை யூனிட் மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஐம்பது கன அடி, காய்ந்திருந்தாலே இரண்டு டன்னுக்கு மேல். அதுவோ நனைந்த மணல்.

இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டரைச் செருகி, பாரத்தை அதன்மேல் ஏற்றிய பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும் என்று இன்றைக்கு நான் உனக்கே பாடம் நடத்துவேன். அவர் கர்டர் வெள்ளிக்கிழமை வரும் என்றார். செவ்வாய்க்கிழமையே இடிக்கத் தொடங்கிவிட்டார். பொங்கலுக்குள் முடித்துக் கொடுங்கள் என்று தினமும் காலையில் அரித்தது யார் என்று கேட்காதே.

வில்லியனூரிலிருந்து ஒரு வயதான கொத்தனார் வருவார். இடித்த இடத்துக்கு மேலே மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. நாட்காட்டித் தாளைக் கிழித்துச் சோற்றுப்பசை தடவி அதன் குறுக்கே ஒட்டி வைத்திருந்தார். நல்ல நேரம் பார்க்கத்தான் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். இரண்டு நாளாகக் கூடத்தில் காலையில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கும். வேலை நடக்கிற வீடு அப்படித்தான் இருக்கும் என்று நானேதான் பெருக்கித் தள்ளினேன். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது, "சுண்ணாம்புக் கட்டடம் சொல்லாமல் விழாதுடி, கேட்கத்தான் ஆளில்லை" என்று நீ போனில் சொன்னாய். அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. துடைப்பம் கையில் இருந்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணி. கொத்தனார் தாளைப் பார்த்தார். நடுவில் கிழிந்திருந்தது, அதாவது விரிசல் அகன்றுவிட்டது. அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சித்தாள் பெண் பாண்டில் செங்கல் அள்ளிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துத் திண்ணைக்குத் தள்ளினார். பாண்டு உள்ளேயே கிடந்தது. பட்பட்டென்று இரண்டு சத்தம், அப்புறம் மழை போலப் பொடி. நாலைந்து செங்கல் விழுந்தன. ஒன்று அந்தப் பாண்டுக்குள்ளேயே விழுந்தது. கட்டைகள் அரை அங்குலம் இறங்கி நின்றுவிட்டன, ஏன் நின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை, ஸ்கேல். அன்று சாயங்காலம்தான் கேட்டேன்.

ஒப்பந்தக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார். தலைக்கவசம் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரில் மெஷினுக்குப் பிளக் இல்லாமல், இரண்டு வயர் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் சொருகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன், அதுவும் ஈரத் தரையில். கத்தினேன். முன்பணம் போனால் போகட்டும் என்று அனுப்பிவிட்டேன். அதற்காக அண்ணன் என்னோடு பேசுவதில்லை, அது தனிக் கடிதம்.

அன்று இரவே கொத்தனார் தன் ஆட்களோடு மணலை இறக்கி, சவுக்குக் கம்பமும் இரும்பு ஜாக்கியுமாக 14 முட்டுக் கொடுத்தார். இப்போது கூடத்தில் காடு மாதிரி நிற்கின்றன. அம்மா இரண்டு கம்பத்துக்கு நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறாள். நான் திண்ணையில் படுக்கிறேன். தூக்கம் வராத ராத்திரிகளில் டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன். 21தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. சவுக்கு எத்தனை நாள் தாங்கும், கர்டர் என்ன அளவு, இரண்டையும் நீ கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன். வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வா, வாசலெல்லாம் ஆணி.

உன்
தயிர்சாதம்