கொல்கேனனுக்கு மிக்ஸி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழைக் கைப்பேசியில்தான் படிக்கிறேன். கரண்டு இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, போன பிறகு சாவகாசமாகப் படிப்பது வழக்கம். போன ஞாயிறு இணைப்பில் கொல்கேனன் செய்முறை வந்திருந்தது. அயர்லாந்துக்காரர்கள் உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசிக்கிற அந்தப் பதார்த்தத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை. கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டுக் குக்கரில் ஐந்து விசில் விட வேண்டும், கீரையோடு மிக்ஸியில் ஓட்ட வேண்டும், கடைசியில் கரம் மசாலா போட்டுத் தாளிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1845-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பிறந்த சாப்பாடு என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பர்மாவில் இருக்கிற தமிழச்சிக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கலாம். கொலம்பன் சபையைச் சேர்ந்த ஐரிஷ் பாதிரிமார் 1936-இல் வடக்கே பாமோவுக்கு வந்தார்கள். காச்சின் மலைப் பக்கமெல்லாம் அவர்கள் ஊழியம் பரவியது. அவர்களுடைய வீடு ஒன்றில் என் அப்பா சமையல்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டுப் பாதிரிமார் 1966-இல் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. அதற்கு முன்பே வந்திருந்த பெரியவர்கள் இன்னும் சில வருடம் இருந்தார்கள். அவர்கள் இருந்தவரைக்கும் அப்பாவும் இருந்தார். அப்புறம் குடும்பத்தோடு ரங்கூனுக்கு, அதாவது இந்த யாங்கோனுக்கு, இறங்கி வந்துவிட்டோம். இப்போது நான் வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுக்கிறேன். இட்லி, சாம்பாரோடு கொல்கேனனும் என் அடுப்பில் உண்டு. கேட்டு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பஞ்சக் குறிப்பு. வேல்ஸ்காரரான வில்லியம் பல்க்லி என்பவர் 1735 அக்டோபர் 31 அன்று டப்ளினில் உறவினர் வீட்டில் இராச் சாப்பாடு சாப்பிட்டதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப் என்கிற வெள்ளைக் கிழங்கு, இவற்றை வேகவைத்து ஒன்றாகக் கலந்தது என்றும், அந்த நாட்டில் அந்த இராத்திரி தவறாமல் செய்வது என்றும் சொல்கிறார். அதாவது பஞ்சத்துக்கு 110 வருடம் முன்னாலேயே அது பண்டிகைச் சாப்பாடு. 1845-இல் அயர்லாந்தில் நடந்ததோ உருளைச் செடிக்கு வந்த கருகல் நோய். தோண்டின கிழங்கு கறுத்து அழுகிப்போனது. அது வருடக்கணக்கில் தொடர்ந்ததில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். கிழங்கே இல்லாமல் ஜனம் செத்த காலத்தில் கிழங்கு மசியல் எப்படிப் பிறக்கும்? என் முப்பாட்டன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறினது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு ஆதங்கம். பட்டினி கிடந்த ஜனங்கள் நல்ல காலத்தில் ஆக்கித் தின்ற பண்டிகைச் சாப்பாட்டையும் பஞ்சத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அக்டோபர் 31, ஹாலோவீன் இராத்திரி என்றதும் பத்திரிகைகளில் பூசணிக்காய் முகமும் பேய் வேஷமும்தான் வருகின்றன. மறுநாள் சகல புனிதர்கள் திருநாள். அந்தக் காலத்து அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு அதற்கு முந்தின நாள் சுத்தபோசனம், மாமிசம் கிடையாது. ஆகவே கிழங்கு, கீரை, பால், வெண்ணெய். புரட்டாசிச் சனிக்கிழமை தெரிந்த உங்கள் வாசகர்களுக்கு இதை ஒரு வரியில் சொன்னாலே போதும், உடனே புரிந்துகொள்வார்கள். மசியலுக்குள் மோதிரம், காசு, தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் எல்லாம் மறைத்து வைப்பார்கள். மோதிரம் அகப்பட்டால் வருஷத்துக்குள் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், அங்குஸ்தான் வந்தால் கல்யாணமே இல்லை! அப்பா காசு மட்டும்தான் வைப்பார். அப்போது புழக்கத்தில் இருந்த 10 பியா காசு மூலை மழுங்கின சதுரமாக இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவி, வெண்ணெய்த் தாளில் நான்காக மடித்துச் சுற்றி வைப்பார். கரண்டியில் தாள் தட்டுப்பட்டதும் பிள்ளைகள் போடும் சத்தம் பெரிசு.

இனி சமையலுக்கு வருகிறேன். இதில் எல்லாமே தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முற்றின, மாவாக உதிர்கிற கிழங்கு வேண்டும். இங்கே ஷான் மலையில் ஹேஹோ, ஆங்பான் பக்கம் விளைந்து வருவதில் தோல் தடித்ததாகப் பார்த்து எடுப்பேன். உங்களூரில் ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தது ஆகாது, குளிரில் மாவு சர்க்கரையாக மாறி மசியல் தித்திக்கும். சந்தேகமாக இருந்தால் 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாவுக் கிழங்கு அடியில் போகும், வழவழப்பான ரகம் மிதக்கும்.

ஒரு கிலோ கிழங்கு என்றால் தோலோடு, முழுசாக, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். வெட்டினால் வெட்டின இடமெல்லாம் தண்ணீர் குடிக்கும். கத்தி தடையில்லாமல் இறங்கினதும் நீரைச் சுத்தமாக வடித்து, அதே பாத்திரத்தை மிகக் குறைந்த தணலில் திரும்ப வைக்க வேண்டும். மூடி போடாமல் ஒரு பருத்தித் துணியை மடித்து மேலே போடுங்கள். கரி அடுப்பில் நீறு பூத்த தணல் இதற்கென்றே அமைந்தது. ஐந்தாறு நிமிடத்தில் துணி ஆவியில் நனைந்துவிடும், தோல் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அப்போதே, கை சுடச்சுட, துணியில் பிடித்துக்கொண்டு உரிக்க வேண்டும். ஆறினால் கெட்டது.

கீரை கால் கிலோ. அயர்லாந்தில் சுருட்டை இலைக் கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ் போடுவார்கள். இங்கே நான் சீனர்கள் விற்கிற கைலான் கீரையில் தண்டை நீக்கி இலையை மட்டும் போடுகிறேன். கேல், முட்டைக்கோஸ், கைலான் எல்லாம் செடிநூல் கணக்கில் ஒரே இனம்தான், அதனால் ருசி தடம் மாறாது. உங்களுக்குக் கோஸின் வெளிப்பக்கப் பச்சை இலைகளே போதும், காசு கொடுத்துக் கேல் தேட வேண்டியதில்லை. பாலக், அரைக்கீரை வேண்டாம், நீர் விட்டுக்கொண்டே இருக்கும். உப்பு நீரில் இலையை மிருதுவாக வேகவைத்து, வடித்து, ஒரு துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். நாலைந்து வெங்காயத்தாளை அரிந்து, ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். இங்கே தகர டப்பாவில் வருகிற தித்திப்புப் பாலைப் போடுகிறவர்கள் உண்டு. அது கூடவே கூடாது.

இப்போது மசிப்பது. மிக்ஸியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வெந்த கிழங்கில் மாவுச்சத்து சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்த அறைகளை ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரிக்கத்தான் வேண்டும், உடைக்கக் கூடாது. மிக்ஸியின் பிளேடு அத்தனையையும் கிழித்துவிடும். மாவுச்சத்து வெளியே வந்து, சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி இழுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் சரிப்படுத்த முடியாது. மத்து இருந்தால் அதுவே சரி. ஆனால் கீரை கடைகிற மாதிரி உருட்டாமல், நேராக மேலிருந்து கீழே குத்த வேண்டும். கட்டி போனதும் சூடான பாலை வெங்காயத்தாளோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியால் கிளறுங்கள். பால் முழுவதும் செலவாக வேண்டும் என்று கட்டாயமில்லை, குவித்தால் நிற்கிற பதம்தான் கணக்கு. கீரை, உப்பு, மிளகுத்தூள், ஒரு பெரிய கரண்டி வெண்ணெய். முடிந்தது.

பரிமாறும்போது தட்டில் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் இன்னும் ஒரு துண்டு வெண்ணெய். அது உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து அந்த வெண்ணெயில் தொட்டுத் தொட்டு உள்ளே வர வேண்டும். உங்கள் செய்முறையில் வெண்ணெய்க்குப் பதில் இரண்டு சொட்டு எண்ணெய் போதும் என்று இருந்ததைப் பார்த்து எனக்கு வருத்தம். உடம்புக்கு ஆகாதவர்கள் குறைவாகச் சாப்பிடட்டும், அளவாகச் செய்யட்டும். மசாலா தாளித்த உருளைக்கிழங்கு நமக்கு இல்லாததா? அது அருமையாகத்தான் இருக்கும், தாராளமாகச் செய்யலாம், அதற்கு நம் வீட்டிலேயே பெயர் இருக்கிறது. கொல்கேனன் என்று போட்டால் கொல்கேனன்தான் இருக்க வேண்டும். நம் புளியோதரையை எவராவது சீஸ் போட்டுச் செய்து அதே பெயரில் அச்சடித்தால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொன்று. சமையல் குறிப்புகளில் 'தேவையான அளவு' என்று எல்லாவற்றுக்கும் போடாமல், கிராமில் போடச் சொல்லுங்கள். இங்கே நாங்கள் வீசைக் கணக்கில் வாங்குகிறோம், வீசை என்றால் 1.63 கிலோ. எடை இருந்தால் நாங்களும் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

மீந்தால் மறுநாள் காலையில் வடை கனத்துக்குத் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். அதற்கு நான் பச்சைமிளகாய் ஊறுகாய் தொட்டுக்கொள்வேன். முந்தின நாள் கொல்கேனனில் எதையும் மாற்றவில்லை, அதனால் காலைப் பலகாரத்தில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கட்சி.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
யாங்கோன்