ஃபோன் நம்பரை ஒட்டி அனுப்பிய பெண்

அன்புள்ள தேன்மொழி,

"கலர் செட் ஆகலை, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று அந்த நகைக்கடை விளம்பரக்காரர்கள் சொன்னதை நீ ஃபோனில் சொன்னபோது நான் பதில் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு ஃபோன் பிடித்தால் வாய் முந்திக்கொள்ளும். யாரையாவது திட்டி, நீ என்னைச் சமாதானப்படுத்தி, விஷயம் எங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். உன் அத்தை மாதிரி கடலை மாவு, பாலாடை என்று ஆரம்பிக்க மாட்டேன், பயப்படாதே. நயோமி சிம்ஸ் என்ற அமெரிக்க மாடலைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

நீ இந்தத் தொழிலில் இருப்பதால் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். எனக்கு அவர் பழக்கமானது முடி வழியாக. கிடங்கில் ஏற்றுமதி முடியைப் பிரித்து வாரிக்கொண்டிருந்த காலத்தில், இதையெல்லாம் வாங்கித் தலையில் வைத்துக்கொள்வது யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அதைத் தேடிப் படிக்கப்போய்த்தான் இவர் கிடைத்தார். விக் வியாபாரியாகத்தான் முதலில் தெரியும். மாடல் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிறந்தது 1948-இல், மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில். அது எப்படிப்பட்ட ஊர் என்றால், 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தில் சேர்த்ததற்காகக் கலவரம் நடந்து இரண்டு பேர் செத்த ஊர். நயோமி வளர்ந்தது அங்கே இல்லை, பிட்ஸ்பர்கில். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். வளர்ப்புக் குடும்பத்தில் விடப்பட்ட பெண். பதிமூன்று வயதிலேயே 5 அடி 10 அங்குலம் உயரம். பள்ளிக்கூடத்தில் அந்த உயரத்தை வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். உன்னை "நெட்டைக் கொக்கு" என்று கூப்பிட்ட கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

1966-இல் உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கில் ஃபேஷன் கல்லூரிக்கு வந்தார். இரவில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்பு. கையில் காசு இல்லை. மாடலிங் செய்து பார்க்கலாம் என்று ஏஜென்சிகளுக்குப் போனால் ஒவ்வொன்றும் கையை விரித்துவிட்டது. நிறம் ரொம்பக் கறுப்பு என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். "அடுத்த தடவை" என்ற மரியாதைகூட இல்லை.

அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்று நினைத்துவிடாதே. ஹெலன் வில்லியம்ஸ் என்று நல்ல கறுப்பு நிற மாடல் ஒருவர் 1950-களிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். டான்யேல் லூனா என்ற இன்னொரு கறுப்பின மாடல் 1966 மார்ச்சில் பிரிட்டிஷ் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்துவிட்டார். அந்த அட்டையைப் பார்த்திருக்கிறாயா? விரல்களை முகத்தின் மேல் விரித்து, இடுக்கில் ஒரு கண் தெரியும். படம் பிரமாதம்தான். ஆனால் முதன்முதலாக ஒரு கறுப்புப் பெண்ணை அட்டையில் போடும்போது முகத்தில் பாதியைக் கை மறைத்திருக்கிறது என்பதை என்னால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நயோமி விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்சி வேண்டாம் என்றதும் அவர் நேராகப் படம் எடுப்பவர்களிடமே போனார். யெஸ்டா பீட்டர்சன் என்ற போட்டோகிராபர் சம்மதித்தார். 1967 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஃபேஷன் இணைப்பு அட்டையில் படம் வந்தது. நீயாக இருந்தால் அன்றைக்கு என்ன நினைத்திருப்பாய்? இனிமேல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றுதானே! ஒருவரும் கூப்பிடவில்லை. அட்டையில் வந்த பிறகும் ஏஜென்சிகள் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

அடுத்து அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படி. வில்ஹெல்மினா கூப்பர் என்று ஒருவர், தானே மாடலாக இருந்து, அப்போதுதான் சொந்தமாக ஏஜென்சி தொடங்கியிருந்தார். நயோமி அவரிடம் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவில்லை. இந்த டைம்ஸ் இணைப்பின் பிரதிகளை விளம்பரக் கம்பெனிகளுக்கெல்லாம் நானே அனுப்புகிறேன், ஒவ்வொன்றிலும் உங்கள் ஃபோன் நம்பரை ஒட்டிவிடுகிறேன், யாராவது கூப்பிட்டு வேலை கொடுத்தால் கமிஷன் உங்களுக்கு என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நான் வியாபாரத்தில் இருந்தவள். இந்தப் பேரத்தைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை. அந்த அம்மாவுக்கு இதில் நஷ்டம் எங்கே? வேலை வராவிட்டால் ஒரு பைசா போகாது. வந்தால் லாபம். மறுப்பதற்கு ஒரு காரணத்தையும் மிச்சம் வைக்காமல் பேசியிருக்கிறார், பத்தொன்பது வயதில். எதிராளியின் மனசை மாற்ற அவர் உட்கார்ந்து வாதாடவே இல்லை பார். மனசு எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், ஃபோன் மணி அடித்தால் எடுப்பார்கள் அல்லவா?

மணி அடித்தது. ஒரு வருடத்துக்குள் வாரம் 1,000 டாலர் சம்பாதித்தார். ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனியின் டிவி விளம்பரம் ஒன்று நாடு முழுக்க ஓடியது. பில் பிளாஸ் வடிவமைத்த உடைகளில் வருவார். அட்டைப் படத்தை விட அந்த விளம்பரம்தான் வீட்டுக்கு வீடு அவர் முகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1968 நவம்பரில் லேடீஸ் ஹோம் ஜர்னல் அட்டை. இது ஃபேஷன்காரர்கள் மட்டும் புரட்டும் பத்திரிகை இல்லை, சமையல் குறிப்புக்கும் குழந்தை வளர்ப்புக்கும் குடும்பப் பெண்கள் வாங்கும் பத்திரிகை. அதன் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் இவர்தான். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அதே வருடம் ஏப்ரலில் என்பதையும் சேர்த்து யோசித்துப் பார். 1969 அக்டோபரில் லைஃப் இதழ் கறுப்பின மாடல்களைப் பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. அட்டையில் மறுபடியும் இவர். அமெரிக்க வோக் மட்டும் தன் அட்டைக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை எடுக்க 1974 ஆகஸ்ட் வரை இழுத்தது. அந்த இடம் பெவர்லி ஜான்சனுக்குப் போனது. அதற்குள் நயோமி மாடலிங்கையே விட்டிருந்தார்.

ஆமாம், விட்டுவிட்டார். 1973-இல், இருபத்தைந்து வயதில், கூப்பிட ஆள் இருக்கும்போதே. அதற்கு முந்தின வருடம் ஹாலிவுட்டில் கதாநாயகி வேடம் ஒன்று வந்திருக்கிறது. கறுப்பின மக்களைக் காட்டியிருந்த விதம் பிடிக்காமல் மறுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவரிடமே இருந்தது பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இனிமேல் என் ஏரியா, கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன். நீ இந்தப் பகுதியைத் தாவிப் படிப்பாய் என்று தெரியும், தாவாதே.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் இருந்த விக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களின் முடியை மனதில் வைத்துச் செய்தவை. மெல்லிய இழை, வழவழப்பு, பளபளப்பு. கறுப்பினப் பெண்ணின் முடி, அதை இழுத்து நேராக்கினாலும், தடிமனும் கனமும் வேறு, மினுமினுப்பு குறைவு. வழக்கமான விக்கை வைத்தால் தலை ஒரு பக்கமும் முடி ஒரு பக்கமுமாகத் தெரியும். கிடங்கில் ஆணிப் பலகையில் இழுத்து வாரும்போது ஒரே ஊர் முடியிலேயே எத்தனை ரகம் என்று எங்கள் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சொல்வோம். அதனால் இந்தக் குறையை நயோமி கண்டுபிடித்தார் என்று படித்தபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அவர் செய்தது என்ன தெரியுமா? செயற்கை இழையை வீட்டுச் சமையலறை ஓவனில் வைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறார். சூடு பட்டால் அந்த இழையின் வழவழப்பு மாறும். எவ்வளவு மாறினால் நேராக்கிய கறுப்பின முடி மாதிரி வரும் என்று சுட்டுச் சுட்டுப் பழகியிருக்கிறார். பத்திரிகை அட்டையில் வந்த பெண், உருகிய பிளாஸ்டிக் நாற்றத்தில் அடுப்படியில் நிற்கிறார்! அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு அட்டைப் படங்களை விட அதுதான் அழகாக இருக்கிறது. நான் முடிக்காரி, என் புத்தி அப்படித்தான் போகும். கனெகலான் என்ற ஜப்பானிய இழையில் அவர் பெயரிலேயே விக்குகள் வந்தன. சில வருடங்களில் ஆண்டு விற்பனை 50 லட்சம் டாலரைத் தொட்டது. பிறகு வாசனைத் திரவியம், அழகுசாதனம், கறுப்பினப் பெண்களின் உடல்நலம், முடிப் பராமரிப்பு பற்றிப் புத்தகங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது.

இதில் ஒரு உறுத்தல் உண்டு, மறைக்க மாட்டேன். கறுப்பே அழகு என்று எல்லாரும் முடியைச் சுருட்டையாக வளரவிட்ட காலம் அது. அப்போது போய், நேராக்கிய முடி மாதிரித் தெரியும் விக்கை விற்பதா என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்கள் ஆபீசுக்கும் கடைக்கும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, தினமும் சூடான சீப்பால் இழுத்துத் தலையைப் பொசுக்கிக்கொள்வதற்கு விக் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் முழுசாக மனசு ஆறவில்லை. அப்படியே இருக்கட்டும், ஒருவரை மெச்ச அவர் செய்த எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்ன.

2009 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூஜெர்சியில் நெவார்க் நகரில், மார்பகப் புற்றுநோயால், 61 வயதில் இறந்தார். ஒரு மகன் உண்டு. வளர்ப்பு வீட்டில் வளர்ந்தவர், தன் பெயரைப் பெட்டி பெட்டியாக அச்சடித்துக் கடைகளில் அடுக்கவைத்துவிட்டுப் போனார்.

சரி, உன் விஷயம். அந்த நகைக்கடை ஆட்களிடம் நிறத்தைப் பற்றி ஒரு மெயில் எழுதப்போகிறேன் என்றாயே, எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு ராத்திரிக்கு மேல் செலவழிக்காதே. உன் ஆல்பத்தில் நாற்பது படம் இருக்கிறது, அதில் முப்பத்தைந்து யாரோ மாதிரி இருக்கிறாய். லைட்டை ஏற்றி, பவுடர் அப்பி, கன்னம் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அந்தக் கைத்தறிக் கடைக்காரர் மொட்டை மாடியில் மாலை வெயிலில் எடுத்தாரே, மாம்பழ மஞ்சள் புடவை, அதில் மட்டும் உன் நிறம் உன் நிறமாக இருக்கிறது. அதை நல்ல தாளில் பிரிண்ட் போடு. கைத்தறிக்காரர்கள், வெள்ளி நகை செய்பவர்கள், பெரிய ஏஜென்சி வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாத சின்ன ஆட்களுக்கு அனுப்பு. அந்த மேக்கப் செய்யும் தோழி தனியாகத் தொழில் தொடங்குகிறாள் என்றாயே, அவள் நம்பரையும் உன் நம்பரோடு சேர்த்துப் போட்டு, வரும் வேலையில் அவளுக்கு ஒரு பங்கு பேசிக்கொள்.

யார் யாருக்கு அனுப்புகிறாய் என்று பட்டியலை எனக்கும் அனுப்பு. முடி வாங்க வரும் பழைய ஆட்களில் ஒருவருக்கு மும்பையில் விளம்பரக்காரர்கள் பழக்கம், அதில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்கிறேன். பிரிண்டுக்குப் பணம் போட்டிருக்கிறேன், வந்து சேர்ந்ததா பார். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, வாடகைக்கு என்றுதான் வாங்கினேன்.

அன்புடன்,
அம்மா