ஏழாம் தொகுப்பு எங்கே?

சாமுராய் மங்காக்களை, அதாவது ஜப்பானிய வாள்வீரர்களின் படக்கதைகளை, ஆங்கிலத்தில் பல பாகங்களை ஒன்றாகச் சேர்த்த ஆம்னிபஸ் தொகுப்புகளாக வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி, படித்து முடித்தபின் யாருக்கும் கொடுக்காமல் அடுக்கி வைக்கிற ஆசாமிகளில் நானும் ஒருவன். இந்த மாதிரித் தடிமனான தொகுப்புகளைத் தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் ‘குண்டு புக்’ என்போம். நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு தொடரைக் குண்டு புக்காகப் போட ஆரம்பித்தால், அதன் எல்லாத் தொகுப்புகளும் ஒரே காலத்தில் வாங்கக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அலமாரியில் ஒரு தொடர் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக நிற்கிறது. அப்புறம் எட்டு, ஒன்பது. ஏழு மட்டும் இல்லை. அச்சில் இல்லையாம். பழைய பிரதி வைத்திருப்பவர் அட்டை விலையைப்போல மூன்று மடங்கு கேட்கிறார், தபால் செலவு தனி. அதே தொடரின் முதல் தொகுப்போ எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிறது. தொடரின் பெயரையும் பதிப்பாளர் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. மங்கா சேர்க்கிற யாரைக் கேட்டாலும் இதேபோல ஒரு ‘ஏழு’ வைத்திருப்பார்கள்.

காரணம் புரியாமல் இல்லை. முதல் தொகுப்பை ஆசைக்கு வாங்கிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கடைசி வரை வருவதில்லை. ஆகவே பின்னால் வரும் தொகுப்புகளைக் குறைவாக அச்சடிக்கிறீர்கள். அவை தீர்ந்ததும், மறு அச்சுக்குப் போதுமான ஆள் இல்லை என்று விட்டுவிடுகிறீர்கள். வியாபாரக் கணக்கு சரிதான். ஆனால் ஏழு கிடைக்காது என்று தெரிந்த புது வாசகன் ஒன்றையே ஏன் வாங்க வேண்டும்? அந்தக் கணக்கையும் யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். கசுவோ கொய்கே எழுதி கோசெகி கோஜிமா வரைந்தது. 1970 முதல் 1976 வரை ஜப்பானில் வார இதழில் வந்து, 28 பாகங்களாக, 8,000 பக்கங்களுக்கு மேல் நீண்ட கதை. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனுக்காகப் பிரபுக்களின் தலையை வெட்டும் பதவியில் இருந்தவன் ஒகாமி இட்டோ. யாக்யூ குலத்தின் சூழ்ச்சியில் மனைவியையும் பெயரையும் இழக்கிறான். தவழும் குழந்தையான டைகோரோவின் முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் தாய் போன இடத்துக்கே அனுப்பிவிடுவான், வாளைத் தொட்டால் கூட்டிக்கொண்டு போவான். குழந்தை வாளிடம் போகிறது. அதற்குப் பிறகு தள்ளுவண்டியில் பிள்ளை, ஒரு கொலைக்கு 500 ரியோ பொற்காசு கூலி, ஊர் ஊராகப் பயணம்.

ஆரம்பப் பாகங்களைப் பார்த்தால் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதைபோல இருக்கும். ஒருவர் கூலி கொடுப்பார், ஒருவர் சாவார், வண்டி நகரும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் என்ன என்று தோன்றும். ஆனால் அடியில் யாக்யூ ரெத்சுடோவின் பகை ஏறிக்கொண்டே வருகிறது. பின்பகுதியில் கதை அறுபடாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. ஷோகுனின் உணவை முதலில் ருசிபார்த்து விஷம் இருக்கிறதா என்று சொல்லும் அபே தனோமோ என்கிற மனிதர் அங்கேதான் வருகிறார். என்னைக் கேட்டால் ரெத்சுடோவைவிட அருவருப்பான ஆள். அவர் எப்படி உள்ளே நுழைந்தார் என்பது தெரியாமல் கடைசித் தொகுப்பைப் பிரிப்பவன் பாவம்.

இந்தத் தொடருக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒருமுறை இப்படி ஆயிற்று. ஃபர்ஸ்ட் காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 1987இல் அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஃபிராங்க் மில்லரின் அட்டைப்படங்களோடு அமர்க்களமாக ஆரம்பித்தது. 1991இல் நிறுவனமே மூடப்பட, 45 இதழ்களோடு நின்றது. கதையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஓவியர் கோஜிமா காலமான அதே 2000ஆம் ஆண்டில் டார்க் ஹார்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பதிப்பகம் புதிதாகத் தொடங்கி, 2002 முடிவதற்குள் 28 பாகங்களையும் போட்டு முடித்தது. அவ்வளவு வருடம் காத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் முடிவு தெரிந்தது. அந்தப் புத்தகங்கள் சட்டைப்பைக்குள் போகிற அளவு, எழுத்தும் பொடி. 2013 முதல் 2016 வரை அவையே கொஞ்சம் பெரிய அளவில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 700 பக்கத்தில், 12 குண்டு புக்காக வந்தன. தொடங்கியதை முடித்தார்கள். அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

‘வாகபாண்ட்’ கதை வேறு மாதிரி. தகேஹிகோ இனோவே 1998இல் ஆரம்பித்த தொடர் 2015க்குப் பிறகு நகரவில்லை, 37 பாகங்களோடு நிற்கிறது. ஆங்கிலத்தில் மூன்று மூன்றாகச் சேர்த்து 12 தொகுப்புகள் போட்டார்கள். மூன்று பன்னிரண்டு 36. மிஞ்சிய 37 மெல்லிய தனிப் புத்தகமாகக் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 38, 39 வந்தால் சேர்த்துப் போடலாம் என்று இருந்திருப்பார்கள், குறை சொல்ல முடியாது. இப்போது கெட்டி அட்டையில் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. அதிலாவது கடைசிப் பாகத்துக்கு முன்கூட்டியே ஓர் இடம் யோசித்து வையுங்கள்.

ஏழாம் தொகுப்பை மறுபடி அச்சுக்கு அனுப்பும்போது, கையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். சாமுராய் மங்காவில் ஓவியன் சேமித்து வைத்திருக்கிற வீச்சு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் வரும். இருபது பக்கம் புல் அசையும், மழை பெய்யும், இரண்டு பேர் பேசாமல் நிற்பார்கள். அப்புறம் ஒரே ஒரு வெட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. குண்டு புக்கை நடுவில் பிரித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பாருங்கள். வாளின் பிடி ஒரு பக்கம் தெரியும், எதிராளியின் தோள் மறுபக்கம் தெரியும். வாள் பட்ட இடம் பசைக்குள் போயிருக்கும். இன்னும் அழுத்தினால் முதுகு பிளந்து தாள் கையோடு வந்துவிடும். 700 பக்கத்துக்குத் தையல் போட்டால் செலவு கூடும், தெரியும். குறைந்தது உள் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விடுங்கள். விலையை நூறு இருநூறு ரூபாய் ஏற்றினாலும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவிடுவோம்.

ஜப்பானில் மங்காவை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். அதை ஆங்கில வாசகருக்காகப் படத்தைத் திருப்பிப் போடுகிற பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, நல்லது. ‘லோன் வுல்ஃப்’ குண்டு புக்கில் அது இன்னும் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகப் பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியதில், இடது இடுப்பில் இருக்க வேண்டிய வாள் எல்லோருக்கும் வலது இடுப்புக்குப் போய்விட்டது. கிமோனோவை இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டுவது ஜப்பானிய வழக்கம். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. ஆக, அந்தப் பதிப்பில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் பிணக்கோலத்தில்தான் நடமாடுகிறார்கள். நரகத்தின் வழியே நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒகாமி இட்டோவுக்கு அது பொருத்தம்தானே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கோஜிமா வரைந்தது அது இல்லை.

‘பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்’ தொடரில் இதே சிக்கல் வந்தபோது ஹிரோவாகி சமுரா தன் படங்களைத் திருப்ப ஒப்புக்கொள்ளவில்லை. நாயகன் மான்ஜியின் முதுகில் சுவஸ்திகா இருக்கிறது. கண்ணாடியில் திருப்பினால் அது நாஜிகள் பிடித்த திசைக்கு வந்துவிடும். (நம் வீட்டு வாசலில் மங்கலமாக வரைகிற திசையும் அதுதான். ஹிட்லர் அதைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார்.) அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வெட்டி எடுத்து, இடமிருந்து வலமாக மாற்றி ஒட்டினார்கள். எவ்வளவு வேலை! ஒரு சின்னத்துக்காக அவ்வளவு மெனக்கெட முடிந்தவர்களுக்கு, ஏழாம் தொகுப்பை மறுபடி அச்சடிப்பது முடியாத காரியமா?

மின்னூலாக எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. நானும் படித்தேன். இரட்டைப் பக்கப் படம் திரையில் முழுசாகத் தெரிகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்களை அடுக்கி வைக்கப் பழக்கியது நீங்கள்தான். முதுகில் எண் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எடுப்பாகத் தெரியும்படி வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, பாதி வழியில் திரையைப் பார்த்துக்கொள் என்றால் எப்படி?

பணம் முடங்கும் என்ற பயம் இருந்தால் முன்பதிவு எடுங்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸுக்கு நாங்கள் முன்கூட்டியே சந்தா கட்டி வாங்கிப் பழகியவர்கள். விலை உயர்ந்த குண்டு புக்குகளுக்கும் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். எத்தனை பேர் பணம் கட்டுகிறார்களோ அத்தனைக்கு மட்டும் அச்சடியுங்கள். ஆறு மாதம் ஆகும் என்றால் ஆறு மாதம். தேதியைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டாம் கைக்காரரிடம் மூன்று மடங்கு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு காசுகூட உங்களுக்கும் வருவதில்லை, ஓவியரின் குடும்பத்துக்கும் போவதில்லை.

ஆகவே முதல் தொகுப்புக்குப் புது அட்டை போட்டு இன்னொரு பதிப்பு கொண்டுவருவதற்கு முன், உங்கள் கிடங்குப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்தத் தொடரில் எந்த எண் இல்லை என்று அதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டத் தயாராக இருக்கும் ஒரு வாசகன்

பின்குறிப்பு: மறு அச்சில் முதுகின் நிறத்தையும் எண் இருக்கும் இடத்தையும் தயவுசெய்து மாற்றாதீர்கள். பழைய ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் அது நிற்க வேண்டும்.