கேஸ் வேலைக்குச் சான்றிதழ் உள்ளவரையே அனுப்புகிறோம்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏசியோ ஃப்ரிட்ஜோ, குளிரூட்டும் கேஸ் ஓடும் லைனைத் திறக்க வேண்டிய வேலை என்றால் இனி அதற்கென்று பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறிய டெக்னீஷியன்தான் வருவார். அதனால் சில சமயம் ஒருநாள் காத்திருக்க வேண்டிவரும். வந்தபிறகும் வேலை சற்று நீளும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

"கேஸ் குறைஞ்சிருக்கு, கொஞ்சம் ஏத்திவிடுங்க" என்று பலரும் கேட்கிறீர்கள். கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அதை அடைக்காமல் ஏற்றினால் புதிய கேஸும் அதே வழியாகப் போய்விடும். பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தையும் அரிக்கும். உலக நாடுகளின் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தமும் அதற்கான 2016 கிகாலி திருத்தமும் இவற்றைப் படிப்படியாகக் குறைக்கத்தான் வந்தன.

மாற்றாக வரும் கேஸ்களில் வேறொரு கவலை. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். புது ஃப்ரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ ஐசோபியூட்டேன், ஆர்-290 புரோப்பேன். இரண்டுமே சட்டென்று பற்றிக்கொள்ளும். குழாயில் கேஸ் மிச்சமிருக்க, பழைய பழக்கத்தில் குழாயை ஒட்டவைக்கும் பிரேசிங் டார்ச்சைப் பற்றவைப்பவரை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பயிற்சி பெற்றவர் முதலில் ஆர்-22, ஆர்-410ஏ போன்ற கேஸைக் காற்றில் விடாமல் ரெக்கவரி மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிப்பார். அதையும் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பமாட்டார். சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும். அப்புறம் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுவார். அடைத்தபின் வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பம்பை நிறுத்திவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு அவர் சும்மா நிற்பதுபோல் தெரியும். அவசரப்படுத்தாதீர்கள். மீட்டரில் அழுத்தம் மெல்ல ஏறினால் உள்ளே ஈரமோ கசிவோ இருக்கிறது. அந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரைக் கெடுக்கும். கடைசியில் கேஸைத் தராசில் எடைபார்த்து, மெஷின் லேபிளில் உள்ள கிராம் அளவுக்கே ஏற்றுவார்.

அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்த வேலைக்குச் சான்றிதழ் சட்டப்படியே கட்டாயம். உங்கள் ஊர்ச் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நீங்கள் கேளுங்கள். எங்கள் ஆள் வந்ததும் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். எந்த வகைக் கேஸுக்குப் பயிற்சி எடுத்தார் என்றும் விசாரிக்கலாம், அவர் தப்பாக நினைக்கமாட்டார். எந்தக் கேஸ், எத்தனை கிராம், கசிவு எங்கே இருந்தது என்று ரசீதில் எழுதித் தருவார். அடுத்த சர்வீஸுக்கு அதை எடுத்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சர்வீஸ் குழுவினர்