ஆமைக்கு வழிவிடும் முக்குளிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்ச் பிறந்ததும், வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் கிளம்பி, ஜோகூரின் மெர்சிங் படகுத்துறையில் இரவோடு இரவாகப் படகேறி, விடியும் வேளையில் அவுர், டாயாங், தியோமான் தீவுகளுக்கு அருகே கண்விழிக்கும் வாரயிறுதி முக்குளிப்புப் பயணங்கள் தொடங்கிவிடுகின்றன. படகிலேயே உண்டு உறங்கி, சனிக்கிழமை முழுவதும் ஞாயிறு நண்பகல் வரையிலும் கடலில் இறங்கி ஏறும் இப்பயணங்களில் நம் தமிழ் இளையர்களும் பலர் சேர்ந்துகொள்வது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இப்பயணங்கள் நடத்தப்படும் முறையில் உடனடியாக ஒரு மாற்றம் தேவை என்பதால் இதனை எழுதுகிறேன்.

ஒரே படகில் இருவகைப் பயணிகள் ஏற்றப்படுகிறார்கள். நீச்சல் குளத்தில் பயிற்சி முடித்து, வாழ்நாளில் முதன்முறையாகக் கடலில் இறங்கிச் சான்றிதழ் பெற வருபவர்கள் ஒருவகை. ஆமையையும் சுறாவையும் படமெடுக்க வரும் அனுபவசாலிகள் மற்றொரு வகை. நேரமோ குறைவு, வேறு படகுகளும் அதே இடங்களுக்கே வருகின்றன. ஆகவே இருவகையினரும் ஒரே பவளப்பாறையில், ஒரே விலங்கைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள்.

இதனால் அதிகம் துன்பப்படுவது கடலாமைதான். பேராமையும் அழுங்காமையும் இத்தீவுகளில் வாழ்கின்றன. அழுங்காமை அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினமாக உலக அளவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. பவளங்களோடு இடத்துக்குப் போட்டியிடும் கடற்பஞ்சுகளைத் தின்று பவளப்பாறைக்கு நன்மை செய்வதும் அதுவே. ஆமைக்குச் செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீண்டும் இரை தேட இறங்க வேண்டும். அசையாமல் ஓய்வெடுக்கையில் நீண்ட நேரம் அடியிலேயே இருக்க முடிந்த அதே ஆமை, விரட்டப்பட்டு வேகமாக நீந்தும்போது விரைவிலேயே காற்றுக்குத் தவிக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் கேமராவுடன் அதன் தலைக்கு மேலே வட்டமிட்டால் அது மேலே செல்லும் வழி அடைபட்டுப்போகிறது. நான் சென்ற ஒரு பயணத்தில், வழிகாட்டியாக வந்தவரே ஆமையின் ஓட்டைப் பிடித்து நிறுத்திப் பயணிகளைப் படமெடுக்க அழைத்தார். புதிதாகப் பயில வந்தவர்கள் அதைத்தான் முறையென்று கற்றுக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

பவளத்தின் நிலையும் இதற்குக் குறைந்ததல்ல. மிதப்புக் கட்டுப்பாடு, அதாவது நீரில் தாழாமலும் மேலெழாமலும் ஒரே மட்டத்தில் நிற்கும் திறன், கைவராத ஒருவருக்கு இடுப்பிலுள்ள ஈய எடை சற்றுக் கூடினாலே உடல் தாழ்ந்து, காலில் அணிந்த துடுப்பு பவளத்தில் இடிக்கும். பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்குப் பெரும்பாலும் 2 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பதால், ஒரு நொடியில் உடைந்ததை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறிய 2010ஆம் ஆண்டில், தியோமான் உள்ளிட்ட இடங்களில் சில முக்குளிப்புத் தளங்களை மலேசிய அதிகாரிகள் சில மாதங்களுக்கு மூடியே வைத்தார்கள். வெப்பத்தை அவர்களால் தடுக்க முடியாது. மனிதர்களால் நேரும் கூடுதல் சேதத்தையாவது தடுக்கலாம் அல்லவா? நான்காவது உலகளாவிய பவள வெளிறல் 2024இல் அறிவிக்கப்பட்ட பின்னர் அந்தக் காரணம் இன்னும் வலுப்பெற்றிருக்கிறது.

இத்தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1994 முதல் சட்டப்படி கடல் பூங்காவாகும். அங்கு மீன்பிடிக்கவும் பவளம் எடுக்கவும் தடை உண்டு. ஆனால் நீருக்கடியில் ஒருவர் விலங்கிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் படகிலிருக்கும் பயிற்றுநர் தவிர வேறு யார் பார்க்க முடியும்? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் முன்னெடுத்த ‘கிரீன் ஃபின்ஸ்’ நடத்தை விதிகள், தொடாதீர்கள், துரத்தாதீர்கள், உணவிடாதீர்கள் என்று தெளிவாகவே சொல்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் திமிங்கிலச் சுறாவுடன் நீந்துவோருக்கு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் நீரில் இருக்கலாம், எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும் என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள். அங்கும் பயணிகள் பணம் கொடுத்துத்தான் வருகிறார்கள். வரம்பு இருப்பதால் அவர்கள் வருகை நின்றுவிடவில்லை.

ஆகவே படகு நடத்துவோருக்கும் முக்குளிப்புப் பள்ளிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சனிக்கிழமை முதல் இறக்கம் பவளமில்லாத மணற்பரப்பில் அமைய வேண்டும். அங்கே தரையைத் தொடாமல் மிதக்கத் தெரிந்தவர்களை மட்டுமே பவளப்பாறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பயிற்சியில் இருப்பவர் கையில் கேமரா கூடாது. ஆமையோ சுறாவோ தென்பட்டால் சிறு குழுவாக, ஒரு பக்கமாக நின்று பார்த்துவிட்டு அடுத்த குழுவுக்கு இடம்விட வேண்டும். மேற்புறம் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

இது விலங்குகளின் நலனுக்கு மட்டுமான ஏற்பாடு அன்று. முட்டையைக் காக்கும் பெரிய கிளாத்தி மீன், தன் கூட்டுக்கு நேர் மேலே உள்ள நீரையும் தன் எல்லையாகவே கருதித் துரத்திக் கடிக்கும். அப்போது மேலே எழாமல் பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே சொல்லப்படாவிட்டால், புதியவர் பதறி மேலே விரைவார். வேகமாக மேலெழுவது நுரையீரலுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை முக்குளிப்போர் அறிவர்.

பதிவு செய்யும் பயணிகளும் விலையை மட்டும் விசாரிக்காமல், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முதல் இறக்கம் எங்கே, விலங்குகளைத் தொடும் ஊழியர்மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, எழுத்துவழி பதில் பெற்ற பிறகே முன்பணம் செலுத்த வேண்டும். அடுத்த பருவத்திற்கான பதிவுகள் தொடங்குமுன் தங்கள் நாளிதழ் முக்குளிப்புப் பள்ளிகளிடம் இதே கேள்விகளை முன்வைத்து, அவற்றின் பதில்களை வெளியிட்டால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முக்குளிப்பில் ஈடுபாடுள்ள வாசகி,
சிங்கப்பூர்