தம்பி லத்தீனை வாய்விட்டே படிக்கட்டும்

சென்னிமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், பேரன் தம்பியும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எதிரில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"யாரும் பேசாத பாஷை. அதை எப்படி உச்சரித்தால் என்னம்மா, அர்த்தம் புரிந்தால் போதாதா?" என்று கேட்டாய். போதாது கண்ணு. அர்த்தமே உச்சரிப்பில்தான் இருக்கிறது. தம்பி ஒன்பதாம் வகுப்பில் லத்தீனை எடுத்ததிலிருந்து ஒவ்வொரு வாரமும் எனக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறானே, அதில் நான் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவன் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். சரித்திர வகுப்பில் சீசர் என்கிறார்கள், லத்தீன் வகுப்பில் கைஸர் என்கிறார்கள், பாட்டுக் குழுவில் சேசர் மாதிரி ஏதோ சொல்கிறார்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் என்றால் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறான். அப்படி இல்லை என்று அவனுக்குப் புரியவை. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. சீசர் என்பது இங்கிலாந்துக்காரர்கள் லத்தீன் எழுத்தைத் தங்கள் இங்கிலீஷ் படிப்பது போலவே படித்து வந்த வழக்கம். பாட்டுக் குழுவில் வருவது திருச்சபையின் உச்சரிப்பு, இத்தாலிய நாக்கை ஒட்டியது. அதில் ககரத்துக்குரிய எழுத்து எ, இ முன்னால் வந்தால் ச்ச ஆகிவிடும். வகுப்பில் ஆசிரியை சொல்லித்தருவது ரோமர்கள் தாங்களே பேசிய விதம், அறிஞர்கள் ஆதாரம் வைத்து மீட்டெடுத்தது. இப்படி மீட்க வேண்டும் என்று எராஸ்முஸ் என்ற அறிஞர் 1528லேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

என்ன ஆதாரம் என்று கேட்பான், கேட்கட்டும். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் ரோமர்களின் பெயர்களைத் தங்கள் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிசரோ என்று நாம் சொல்கிற ரோமப் பேச்சாளரை அவர்கள் கிக்கெரோன் என்று ககரம் போட்டு எழுதினார்கள். ஜெர்மானியர்கள் கைஸரைக் காதால் கேட்டு எடுத்துக்கொண்டதால் அவர்கள் பாஷையில் பேரரசனுக்கு இன்றும் கைஸர் என்றே சொல். இன்னும் பெரிய சாட்சி, படிக்காதவர்கள் செய்த எழுத்துப்பிழைகள். பொம்பேயி நகரம் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்ததே, அங்கே சுவர்களில் சாதாரண ஜனங்கள் கிறுக்கியது அப்படியே கிடைத்திருக்கிறது. காதில் விழுந்தபடி எழுதியவர்களின் பிழைகள் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். நம் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திய எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

அந்த லத்தீன் எழுத்து நம் கொங்கு நாட்டுக்கு ஒன்றும் புதுசு இல்லை என்பதையும் அவனிடம் சொல். வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்கள் காலத்துக் காசுகள் ஏராளம். திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. அந்தக் காசின் படத்தைப் பெரிதாக்கி அவனைப் படிக்கச் சொல். விளிம்பைச் சுற்றி எழுத்துகள் ஓடும். அகஸ்டஸ் என்ற பட்டத்தை ஔ போட்டு ஔகுஸ்துஸ் என்று படிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில் மூன்று இடத்தில் உகரம் வருகிறது, மூன்று இடத்திலும் பொறித்திருப்பது இங்கிலீஷ் 'வி' எழுத்து. ரோமர்களுக்கு உ, வ இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். உயிருக்கு முன்னால் உகரம் வந்தால் உதடு குவிந்து வகரம் ஆகும், அவ்வளவுதான். பூ, அழகு இரண்டையும் சேர்த்தால் பூவழகு என்று நடுவில் வகரம் தானாக வருகிறதே, அதே உதடுதான். அதனால்தான் ஆசிரியை, வந்தேன், கண்டேன், வென்றேன் என்று பொருள்படும் வேனீ, வீதீ, வீக்கீ என்பதைப் பல்லில் உதட்டை வைத்துச் சொல்லாதே, குவித்துச் சொல் என்கிறார். லத்தீனில் வீனும் என்ற சொல் இங்கிலீஷில் வைன் ஆனபோது அந்தக் குவிந்த உதட்டோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது ஆசிரியை தானாக வைத்த பழக்கம் இல்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குறில் நெடில்.

தம்பி படிக்கும்போது எல்லா உயிரையும் ஒரே அளவில் சொல்கிறான், அல்லது அழுத்தம் விழும் இடத்தை மட்டும் நீட்டுகிறான். கடைசி எழுத்தை முணுமுணுத்து விழுங்கிவிடுகிறான். அது இங்கிலீஷ் பழக்கம். அந்தப் பாஷையில் அழுத்தம் விழாத உயிர் எல்லாம் கரைந்து அ போல ஆகிவிடும். லத்தீனில் அப்படிச் செய்தால் பொருளே போய்விடும். லிபெர் என்று குறிலாகச் சொன்னால் புத்தகம், லீபெர் என்றால் சுதந்திரமானவன். வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். புவெல்ல என்று குறிலில் முடித்தால் சிறுமி எழுவாயாக நிற்கிறாள். புவெல்லா என்று நெடிலில் முடித்தால் நம் மூன்றாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் செய்கிற வேலை வந்துவிடும். வேற்றுமையைத் தனியாக அட்டவணையில் மனப்பாடம் செய்கிறான், வாயில் அதைத் தொலைத்துவிடுகிறான். பிறகு வாக்கியத்தில் தடுமாறுகிறேன் என்று வருத்தப்படுகிறான். வாய் சரியாகச் சொல்லியிருந்தால் காதே அவனுக்கு வேற்றுமையைச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

கல், கால், படு, பாடு என்று சொல்லி வளர்ந்த வீட்டுப் பிள்ளை அம்மிணி அவன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் இனிமேல்தான் பழக வேண்டியது இவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் சரளமாக வராவிட்டாலும் காது இருக்கிறது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று நன்னூல் சொல்கிறதே, லத்தீன் செய்யுளும் அதே கணக்கில்தான் நடக்கிறது. நெடில் வந்தாலும் அசை கனக்கும், குறிலுக்குப் பின் ஒற்று வந்து அடைத்தாலும் கனக்கும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நம் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது விசயமங்கலம் சமணக் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கும் சொல்.

சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். ஈற்றயல் அசை கனமாக இருந்தால் அங்கே, இல்லையென்றால் அதற்கு முந்தின அசையில். இரண்டே அசை உள்ள சொல்லில் முதல் அசையில். தனியாக மனப்பாடம் வேண்டியதில்லை.

அவன் பாடப் புத்தகத்தில் நெடிலுக்கு மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறதே, அதை அவன் கண்டுகொள்வதே இல்லை. வீட்டுப்பாடம் எழுதும்போதும் விட்டுவிடுகிறான். ரோமர்கள் அதை ஒழுங்காக எழுதவில்லையே என்று அவனுக்கு ஒரு சாக்கு. அவர்களும் சில நேரம் நெடில்மேல் ஒரு குறி போட்டதுண்டு, ஆனால் எப்போதும் இல்லை. அவர்களுக்கு வீட்டில் பேசிய பாஷை, குறி இல்லாமலே தெரியும். நம் ஓலைச் சுவடிகளிலும் இதே சங்கடம் இருந்தது. எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம், ஓலையில் புள்ளி விடுபட்டுப் போகும், குறிலா நெடிலா என்று படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று நாம் எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் பிரித்து எழுதுகிறோமே, அந்தச் சீர்திருத்தத்தைச் செய்தவர் என்று வீரமாமுனிவரைத்தான் சொல்கிறோம். அவர் இத்தாலியில் பிறந்தவர், தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதியவர். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவர் தமிழுக்குச் செய்ததைத்தான் அந்தச் சின்னக் கோடு தம்பியின் லத்தீனுக்குச் செய்கிறது. அதை எழுத்தின் ஒரு பகுதியாகவே அவன் நினைக்க வேண்டும். கோடு விட்டால் எழுத்துப்பிழை என்று நீ பிடிவாதமாக இரு.

நம் தமிழ் அவனுக்கு உதவும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. லத்தீனின் தகரம் பல்லில் நாக்கு படும் தகரம், இங்கிலீஷ் மாதிரி டகரம் இல்லை. க, த, ப மூன்றிலும் காற்று அடிக்கக் கூடாது. வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கட்டும், காகிதம் ஆடினால் இங்கிலீஷ், ஆடாவிட்டால் தமிழும் லத்தீனும். பலி, பல்லி இரண்டும் வேறு என்று தெரிந்த காதுக்கு லத்தீனின் இரட்டை எழுத்தைச் சொல்லித்தர வேண்டாம். புவெல்லவில் இரண்டு லகரமும் கேட்க வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் மகரம் இன்னும் அழகு. மரம் என்று எழுதிவிட்டுப் பேசும்போது உதட்டை மூடாமல் மூக்கிலேயே முடிக்கிறோமே, ரோமர்களும் அப்படித்தான் முடித்தார்கள். செய்யுளில் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த அசையே அதோடு கலந்து மறைந்துவிடும். ஆசிரியை மகரத்தை முழுசாகச் சொல்லச் சொன்னால் வகுப்பில் அப்படியே சொல்லட்டும், அதில் வம்பு வேண்டாம்.

திருச்சபை உச்சரிப்புக்கும் வகுப்பு உச்சரிப்புக்கும் வித்தியாசம் காட்ட நம் எழுத்தைவிட வசதி வேறு எதிலும் இல்லை. ஆட்டுக்குட்டிக்கு உள்ள சொல்லைத் திருச்சபையில் ஆஞ்ஞுஸ் என்பார்கள், பழைய ரோமர் வழியில் அங்னுஸ். ஞகரமும் ஙகரமும் நம்மிடம் தனித்தனியாக இருக்கின்றன. சோமனூர்ப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் அப்பா, சின்ன வயதில் கருமத்தம்பட்டிக் கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர். அப்போது பூசை லத்தீனில்தான், 1960களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழுக்கு மாறியது. எத் கும் ஸ்பிரித்து துவோ என்று அவர் வயதான காலத்திலும் கணீரென்று சொல்வார். அவர் சொன்ன விதம் தவறு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அது உயிரோடு வழங்கி வந்த ஒரு மரபு. தம்பியும் பாட்டுக் குழுவில் அந்த மரபிலேயே பாடட்டும். வகுப்பில் வகுப்பின் வழி. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

தமிழ் இடறிவிடும் இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நாம் மெய்யில் முடியும் அயல் சொல்லுக்கெல்லாம் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவோம், பஸ்ஸு என்கிறோமே அப்படி. எஸ்த் என்பது எஸ்து ஆகிவிடக் கூடாது, அமத் என்பது அமத்து ஆகிவிடக் கூடாது. இன்னொன்று, இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றைக் ககரம் வந்தால் நம் வாய் அதை மெலிதாக்கிவிடும். மேலே வீக்கீ என்று எழுதினேன் பார், அதில் ககரம் ஒன்றுதான், ஆனால் ஒன்று மட்டும் எழுதினால் நீ வேறு மாதிரி படிப்பாய், இரண்டு எழுதினால் இரட்டிப்பாய். நம் எழுத்தில் அதற்கு வழி இல்லை. அதனால் லத்தீனைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்க அவனைப் பழக்காதே. ரோமன் எழுத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

தினமும் எவ்வளவு படிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். கொஞ்சம் போதும், ஆனால் வாய்விட்டு. குவிந்திலியான் என்று முதல் நூற்றாண்டில் ரோமில் இருந்த வாத்தியார், பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: முதலில் தப்பில்லாமல், பிறகு கோர்வையாக, வேகம் தானாக வரும்வரை வெகுநாள் மெதுவாக. பணியில் இருந்த காலமெல்லாம் நானும் செய்யுள் வாசிக்க இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாக்கியம் எடுத்து, கையால் தட்டி நெடிலுக்கு இரண்டு குறிலுக்கு ஒன்று என்று சொல்லச் சொல். அப்புறம் தட்டாமல். அப்புறம்தான் மொழிபெயர்ப்பு.

வகுப்பில் ரகரத்தை உருட்டிச் சொன்னதற்குச் சிரித்தார்கள் என்று அவன் எனக்கு மட்டும் சொன்னான். உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கத் தயங்குகிறான். ரோமர்கள் ரகரத்தை உருட்டினார்கள் சாமி, அவன் செய்ததுதான் சரி. இதை அவனிடம் நான் சொல்வதைவிட ஆசிரியை வகுப்பிலேயே சொன்னால் நல்லது. நீ ஒரு வார்த்தை எழுதிப் போடு. அவன் பெயரைச் சொல்ல வேண்டாம், ரகரத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒருமுறை விளக்கச் சொல், போதும்.

அடுத்த பாடத்தின் தாளைக் கோடு போட்டதாகவே பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. போன தடவை எழுத்து பொடியாக இருந்தது, கொஞ்சம் பெரிதாக எடு. அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடுவதற்குள் நானும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா