டொரொன்டோவிலிருந்து: வாடகைக் கட்டடத்தை அயலவர்களே வாங்குவது

அன்புள்ள அண்ணா,

வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லாமல் ஒரு மாடிக்கட்டடம் எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் ஏற்கெனவே இருப்பவருக்கு வருடத்தில் ஒருமுறைதான் வாடகை கூட்டலாம். பழைய கட்டடங்களில் பொதுவாக உச்ச அளவு 2025இல் 2.5 வீதம், 2026இல் 2.1. ஆனால் அவர் வெளியேறினால், அடுத்து வருபவரிடம் எவ்வளவும் கேட்கலாம். பழைய ஆட்களைக் கிளப்புவதில்தான் லாபம். திருத்தவேலை என்று, வெளியேறச் சொல்லும் என்13 படிவத்தை நீட்டுவார்கள். வெளியேற 120 நாள் அவகாசம் உண்டு. வேலை முடிந்ததும் பழைய வாடகைக்கே திரும்பலாம். போகுமுன் அதை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் தரும் காசை நம்பி, சம்மதித்தே வெளியேறுகிறேன் என்ற என்11 படிவத்தில் கையெழுத்து வைத்தால் எல்லாம் போச்சு.

ஆகவே கட்டடத்தையே சந்தையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இங்கே பார்க்டேல் என்ற பகுதி மக்கள் 2014இல், காணியை விற்காமல் ஊருக்காக வைத்திருக்கும் காணி அறக்கட்டளை அமைத்து, 2019இல் 15 அறை வீடொன்றை வாங்கினார்கள். இப்படி வாங்குவதற்கு நகரசபையும் 2021இல் நிதித்திட்டம் தொடங்கியது. அந்தக் காசை எடுத்தால் 99 வருடத்துக்கு வாடகையைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும்.

கஷ்டம் கணக்கில்தான். உதாரணத்துக்கு ஒரு கட்டடத்தில் 20 வீடு, ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 1,200 டொலர் என்று வையுங்கள். வருடத்துக்கு 288,000. வரி, காப்புறுதி, சூடாக்கல், பராமரிப்பு என்று 45 வீதம் போனால் மிச்சம் 158,400. வங்கி பாதுகாப்புக்காக அதை 1.2ஆல் பிரித்து, வருடத் தவணை 132,000க்குள் நிற்கும்படிதான் கடன் தரும். 5 வீத வட்டி, 25 வருடம் என்றால் ஏறக்குறைய 19 லட்சம் டொலர். அந்த விலைக்கு இங்கே 20 வீட்டுக் கட்டடம் கிடைக்காது. மிச்சத்தை மானியம்தான் நிரப்ப வேண்டும்.

வாங்குமுன் பொறியியலாளரைக் கொண்டு கூரை, பொய்லர், குழாய் எல்லாம் பார்ப்பது கட்டாயம். மேல்மாடியில் பைப்பைத் திறக்கும்போது தண்ணீர் நூல்போல, மண்நிறமாக வந்தால், பழைய இரும்புக்குழாய் உள்ளே துருவால் அடைபட்டிருக்கிறது. ஒரு துண்டை மாற்றிப் பிரயோசனமில்லை, கீழிருந்து மேல்வரை மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கொள்வனவுக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள்தான் பிறகு தடுமாறுகிறார்கள்.

இப்படியான அறக்கட்டளையின் நிர்வாகசபையில் மூன்றிலொரு பங்கு குடியிருப்பவர்கள், ஒரு பங்கு அயலவர்கள், ஒரு பங்கு துறை தெரிந்தவர்கள் என்பது பழைய வழக்கம். தங்கள் வாடகையைத் தாங்களே கூட்ட யாருக்குத்தான் மனம் வரும்? மூன்று வருடம் கூட்டாமல் விட்டால் சேமநிதி வற்றிவிடும். பொய்லர் பழுதாகும் மாரியில் மொத்தமாகக் கூட்ட நேரும். வருடாவருடம் சிறிதாகக் கூட்டுவதே நல்லது என்பது என் எண்ணம். பின்னால் வரும் சபை விற்றுவிடாதபடி காணிப் பதிவிலேயே தடை எழுதிவைக்கவும் வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி